நாலாம் மாடி ஸ்டாப்பிங்

இரண்டு விசில் கேட்டால் வாளியோடு வெளியே வர வேண்டும். ஒரு விசில் கேட்டால் பிடித்த வரைக்கும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். எங்கள் கட்டடத்தின் தண்ணீர்ச் சட்டம் இவ்வளவுதான். விசில் ஊதுகிறவர் நாலாம் மாடிப் படிக்கட்டின் முனையில், கால்களை அகட்டி, இடுப்பைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து நின்றுகொண்டிருப்பார். தரை ஆடுவதில்லை. ஆனால் அவர் நிற்பதைப் பார்த்தால் ஆடுகிறது என்றே தோன்றும். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே வேலைக்காலம் முழுவதையும் கழித்த கால்கள் அவை.

“மூணாவது மாடி, முன்னாடி போ, முன்னாடி போ. அந்தப் பச்சை வாளி யாருது? வழியில நிக்கக் கூடாது. ரெண்டாவது மாடி, அவசரப்படாத. வண்டி உன்னை விட்டுட்டுப் போயிடாது.”

கண்டக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் போய்விட்டது, விசில் போகவில்லை. சட்டைப் பையில் கறுப்புக் கயிற்றோடு கிடக்கும். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டால் அடுத்த சட்டைக்கு முதலில் மாறுவது அதுதான்.

வீட்டுக்குள் குழாய் இருக்கும்போது படிக்கட்டில் எதற்கு வாளி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் கட்டடத்தில் சுவருக்குள் போகிற குழாய்கள் துருப்பிடித்துச் செத்து வெகுகாலம் ஆகிறது. ஒன்றை மாற்றலாம் என்று ஒருமுறை சுவரைக் கொத்தினார்கள். குழாய் வருவதற்கு முன்னால் சுவர் வந்துவிட்டது. அதோடு சரி. படிக்கட்டு ஓரமாக வெளியே ஒரே ஒரு குழாயை ஏற்றி, மாடிக்கு ஒரு பித்தளை வாய் வைத்தார்கள். மொட்டைமாடித் தொட்டியிலும் விரிசல், தண்ணீர் தங்காது. ஆகவே மோட்டார் ஓடும் நேரம்தான் தண்ணீர் நேரம். கீழ்த் தளத்துத் தையல்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு, “போட்டாச்சு அண்ணே” என்று மேலே பார்த்துக் கத்துவார். நாலாம் மாடிக் குழாய் இருமி, துப்பி, கடைசியில் ஒழுகத் தொடங்கிய பிறகுதான் கண்டக்டர் விசிலை எடுப்பார். மேலே வந்தால்தான் தண்ணீர், கீழே மட்டும் வந்தால் அது வதந்தி என்பது அவர் கொள்கை. அதற்கு முன்பெல்லாம் கீழே இருப்பவர்கள் திறந்துவிட்டு நிற்க, மேலே இருப்பவர்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். சண்டைக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

அவரைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியது ஒரு சிமெண்டுக் கட்டி. கூட்டத்தில் யார் பொறுப்பேற்பது என்று கேட்டபோது எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். விட்டத்திலிருந்து காரை பெயர்ந்து நடுவில் விழுந்தது. எல்லோரும் பதறி எழுந்தார்கள். ஏற்கனவே நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் கண்டக்டர். “சரி, எல்லாரும் இறங்கிட்டீங்க. நான் பாத்துக்கறேன்” என்றார். அன்றைக்கிலிருந்து கட்டடம் அவர் வாயில் வண்டி ஆயிற்று. வண்டி பழசு, ஆனா ஓடும். வண்டி நனையுது, தார்ப்பாய் போடணும். வண்டியில பின்னாடி சத்தம் வருது, என்னன்னு பாக்கணும். நாங்கள் குடியிருப்பவர்கள் இல்லை, ஏறியவர்கள்.

மாடிப்படி பல்பு அடிக்கடி காணாமல் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் யாரையும் சந்தேகப்படவில்லை. புதுப் பல்பை வாங்கி, அதன் வயிற்றிலேயே சிவப்புப் பெயிண்டில் ‘இது வண்டிக்குச் சொந்தம்’ என்று எழுதி மாட்டினார். யாரும் அதை எடுக்கவில்லை. எடுத்துப்போய் வீட்டில் மாட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? ஒரு சங்கடம்தான். விளக்கைப் போட்டால் அந்த எழுத்தின் நிழல் சுவரிலும் விழுகிறது, படியேறுகிறவர் முதுகிலும் விழுகிறது. முதலாம் மாடிக் கணக்கு டீச்சரின் வெள்ளைச் சேலையில் ‘சொந்தம்’ என்ற பகுதி மட்டும் விழுந்து நாங்கள் சிரித்ததுண்டு.

மழைக்காலத்தில் என் வீட்டு வாசற்கதவு ஊதிக்கொள்ளும். நான் அவருக்கு எதிர்வீடு. முதல் மழையில் உள்ளே மாட்டிக்கொண்டு கதவைக் குத்தியபோது வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. பூட்டுக்குப் பக்கத்தில் குத்தினால் கை வீங்கும், கதவு திறக்காது. கீழ் மூலையில் உதைக்க வேண்டுமாம். “உதைக்கணும் சிஸ்டர். ஆனா மரியாதையா உதைக்கணும்.” ஆஸ்பத்திரியிலும் பிறகு நோயாளிகளின் வீடுகளிலும் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான், அவருக்கு எப்போதும் சிஸ்டர்தான். மரியாதையாக உதைத்தேன், திறந்தது. இன்றுவரை அப்படித்தான் திறக்கிறேன்.

மேல்வீட்டுக் குளியலறை கீழ்வீட்டுக் குளியலறையில் ஒழுகும் வழக்குதான் மாதாமாதம் வரும். இரண்டு வீட்டுப் பெண்களும் படியில் நின்று ஒருவர் வம்சத்தை ஒருவர் கழுவுவார்கள். கண்டக்டர் நடுவில் போய் நிற்பார். யார் பக்கமும் பேச மாட்டார். மேலே இருக்கிறவர் கொஞ்சம் நகர்ந்து குளிக்க வேண்டும், கீழே இருக்கிறவர் கொஞ்சம் நகர்ந்து குளிக்க வேண்டும், அதற்குள் கொத்தனார் வருவார் என்று தீர்ப்புச் சொல்வார். கொத்தனார் வந்தும் விடுவார். அதுதான் இந்த மனிதரிடம் விசேஷம். வாயால் சொன்னதைக் காலால் போய் முடித்துவிட்டு வருவார்.

அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றபடி, ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்து. செய்தித்தாள் நின்றபடி. சங்கக் கூட்டம் நின்றபடி. முழங்காலில் தேய்மானம் இருக்கிறது, நடையிலேயே தெரியும். உட்காரச் சொன்னால், “உக்காந்தா டூட்டி போயிடும் சிஸ்டர்” என்பார். இருக்கை பயணிகளுக்குத்தான், கண்டக்டருக்கு இல்லை.

இப்படிப்பட்டவரால் முடியாமல் போன ஒரே காரியம் லிஃப்ட். கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். ஒருநாள் இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றது, நின்றதுதான். உள்ளே இருந்தவர் கணக்கு டீச்சர். கையைப் பிடித்து இரண்டாம் மாடிக்கு இழுத்துப் போட்டார்கள். அப்போது ஒரு செருப்பு கழன்று உள்ளேயே விழுந்துவிட்டது. கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் இன்றும் தெரியும். மற்றொன்றை டீச்சர் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். லிஃப்டைப் பார்க்க வந்த மெக்கானிக், இந்தப் பல்சக்கரத்தை இப்போது உலகத்தில் யாருமே செய்வதில்லை என்று ஏதோ நல்ல சேதி மாதிரிச் சொன்னார். ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். அடுத்த வாரம் வரும். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்தான்.

மற்றவர்களுக்கு இது மூச்சிரைப்பு. கண்டக்டர் வீட்டில் விஷயம் வேறு.

அவர் மனைவி அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலையில் இருந்தவர். கை மின்னலாக ஓடும், வாய் அதைவிட வேகம். வீட்டில் பேச்சு இலாகா முழுவதும் அவளுடையது, தனக்கு விசில் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறாள் என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டிருப்பார். சாயங்காலம் வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர் அத்தனை பேரையும் நிறுத்தி விசாரித்துத்தான் அனுப்புவார். பிறகு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏற்றிவிட்டோம். அடுத்த சில நாட்களில் லிஃப்ட் நின்றது. அதன்பின் அந்த அம்மாள் நாலாம் மாடியைத் தாண்டவில்லை.

பேச்சு போனது என்றால் முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: அப்புறம்.

இந்த நோயில் இது நடக்கும். எல்லாச் சொற்களும் மூடிய அறைக்குள் போய்விட, ஒன்று மட்டும் வெளியே மாட்டிக்கொள்ளும். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வரும். நான் பார்த்த ஒருவருக்கு ‘சனிக்கிழமை’ மிஞ்சியிருந்தது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடக் கூடாது; குரலைக் கேட்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும். தாகம் எடுத்தாலும் அப்புறம், முதுகு வலித்தாலும் அப்புறம், என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக ஓர் அப்புறம். கண்டக்டர் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். தண்ணீர் அப்புறத்துக்கும் தலையணை அப்புறத்துக்கும் வித்தியாசம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் கண்டக்டர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மருத்துவர் சொன்ன பயிற்சிக்காரர் கொஞ்ச நாள் மாடியேறி வந்தார். பிறகு, தெருமுனையில் இருக்கும் தன் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்து வந்தால்தான் நிற்கவும் நடக்கவும் பழக்க முடியும், அங்கேதான் பிடித்து நடக்கிற கம்பிகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். தினமும் காலையில் நான் போய்க் கையை நீட்டி மடக்கிவிடலாம், காலைத் தூக்கி இறக்கலாம். ஆனால் கட்டிலில் கிடக்கிற கால் நடையை மறந்துவிடும். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு அப்படியே இறுகிப்போகும். இதில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். இதை நான் கண்டக்டரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் கட்டில் பக்கம் திரும்பி, “என்னம்மா, கீழ போலாமா?” என்று கேட்டார்.

“அப்புறம்.”

“பாத்தீங்களா சிஸ்டர், அவளே அப்புறம்னு சொல்றா. லிஃப்ட் வந்துடட்டும்.”

இது ஒருநாள் நடந்த பேச்சில்லை. அந்தக் கேள்வியை அவர் தினமும் கேட்பார். தினமும் அதே பதில் வரும். தினமும் நிம்மதியாக வெளியே போய் மெக்கானிக்குக்குப் போன் போடுவார். நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கி இறக்கலாம், எனக்கு முறை தெரியும் என்று சொன்னால் முகம் கடுகடுத்துப் போகும். “ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். என் வீட்டு ஆளை இறக்க ஊர்க்காரங்களைக் கூப்பிடறதா? கண்டக்டரைப் பயணி தூக்கிட்டுப் போற வண்டி எங்கயாவது இருக்கா?”

வீம்பு என்று நினைத்தேன். தையல்காரர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அதன் அடியில் வேறொன்று இருப்பது தெரிந்தது. கண்டக்டர் ஒருநாள் மத்தியானம் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியிருக்கிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் முழங்கால் நடுங்கிச் சுவரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறார். தையல்காரர் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு, என்ன அண்ணே இது என்று கேட்டதற்கு சிலிண்டர் மாற்றப் போகிறேன் என்றாராம். தையல்காரர் அதை மேலே கொண்டுபோய் வைக்கும்போது பார்த்தால் நிறைந்த சிலிண்டர். “நிறைஞ்ச சிலிண்டரை யாராவது மாத்துவாங்களா அக்கா?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாளின் எடையில் பாதியாவது தன்னால் இறக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறார். முடியவில்லை. அதற்குப் பிறகு ‘அப்புறம்’ என்ற பதில் அவருக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலைப் பயிற்சிக்குப் போகும்போது ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாளின் இடது கையில் கொடுத்தேன். கட்டிலின் தலைமாட்டில் இரும்புக் கம்பி உண்டு. அவர் அதைத் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது. கண்டக்டர் ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் என்ன என்று கேட்டேன்.

“ஹோல்டான். வண்டி நிக்கணும்.”

இரண்டு அடித்தால்?

“ரைட். போலாம். எதுக்கு சிஸ்டர் கேக்கறீங்க?”

இது உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்றேன். கண்டக்டர் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் இருக்குமா என்று அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த அம்மாளிடம் திரும்பி, வாயை விட்டுவிடுங்கள், கையால் பதில் சொல்லுங்கள், இல்லை என்றால் ஒன்று, ஆமாம் என்றால் இரண்டு என்றேன். புரிகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அதுவும் முறைதான். இது நாலாம் மாடியா என்றேன். இரண்டு தட்டு. நான் ஆம்பளையா என்றேன். ஒரு தட்டு, கூடவே ஒரு சிரிப்பு. உங்கள் வீட்டுக்காரர் அழகா என்றேன். ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. அவர் கண்டக்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரே ஒரு தட்டு.

“அநியாயம்” என்றார் கண்டக்டர். ஆனால் டீயைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி எது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. அவரே பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்.

“கீழ போகணுமா?”

“அப்புறம்” என்றது வாய். ஸ்பூன் இரண்டு தட்டியது.

“லிஃப்ட் வந்ததுக்கு அப்புறமா?”

ஒன்று.

“இப்பவேவா?”

“அப்புறம், அப்புறம்” என்று வாய் அவசரப்பட்டது. ஸ்பூன் கம்பியில் இரண்டு தட்டியது, நிறுத்தி மறுபடியும் இரண்டு தட்டியது. கட்டில் அதிர்ந்தது.

கண்டக்டர் நிமிர்ந்தார். பிறகு, “இத்தனை நாளா மணி அடிச்சிட்டே இருந்திருக்கா. எனக்குத்தான் காது கேக்கல” என்று சொல்லிவிட்டு, படிக்கட்டு முனைக்குப் போய்த் தையல்காரரைக் கூப்பிட்டார். அவர் தனக்காக ஒருவரைக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் மேலிருந்து அதட்டுகிற குரலில்தான் கூப்பிட்டார்.

தூக்குவதற்கு முறை இருக்கிறது. சக்கர நாற்காலி படிக்கு உதவாது. நாலு காலும் கையும் உறுதியான நாற்காலி வேண்டும். பயிற்சிக்கூடம் மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும், அதற்குள் என் பால்கனியில் கிடந்த இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்தோம். போர்வையை மடித்து மார்புக்கும் முழங்காலுக்கும் சுற்றிக் கட்டினேன். பலமில்லாத வலது கையை மடியில் வைத்துத் துண்டால் சேர்த்துக் கட்டினேன். இல்லாவிட்டால் அது நழுவிக் கம்பியில் மாட்டும். முகம் இறங்குகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். முதுகைப் பின்னால் சாய்த்து, பலசாலி தலைப்பக்கம் பிடிக்க வேண்டும், மற்றவர் கால்பக்கம். மூன்றாம் மாடிக் கொரியர்காரர் மூட்டை தூக்கிப் பழகியவர், தலைப்பக்கம் நின்றார். தையல்காரர் கால்பக்கம். நான் தையல்காரரின் இடுப்பைப் பிடித்துப் படியைச் சொல்லிக்கொண்டே பின்னோக்கி இறங்குவதாக ஏற்பாடு. கண்டக்டருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வண்டிக்கு முன்னால் ஆள் போக வேண்டாமா?

ஸ்பூனை வைத்துவிடுங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் விடவில்லை. சரி, வாதாட நேரமில்லை.

மூன்றாம் மாடி வரை அழகாக வந்தோம். திருப்பத்தில் கண்டக்டர் ஒரு விசில் ஊதினார். நின்றோம், நாற்காலியைத் தரையில் இறக்கிக் கையை உதறிக்கொண்டோம். மறுபடி தூக்கிச் சாய்த்ததும் அவர் இரண்டு விசில் ஊதினார்.

அதன் பின் நடந்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. அத்தனை வருடமாக அந்தச் சத்தத்துக்கு எங்கள் கட்டடம் பழகியிருக்கிறது. மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. இரண்டாம் மாடியில் இரண்டு கதவு. கீழே முதலாம் மாடியிலும் சத்தம் கேட்டது. எங்கு பார்த்தாலும் வாளி. நாங்கள் நடுப்படியில் இருக்கிறோம், நாற்காலி சாய்ந்திருக்கிறது, கீழே திருப்பம் முழுக்கப் பிளாஸ்டிக். கண்டக்டருக்கு விஷயம் புரிந்து, பதறி ஒரு விசில் ஊதினார். எல்லோரும் மரியாதையாக உள்ளே போனார்கள். தூக்குகிறவர்களும் மரியாதையாக நின்றார்கள். வழி கிடைத்துவிட்டதே என்று அவர் இரண்டு ஊதினார். நாங்கள் ஓர் அடி எடுத்து வைத்தோம். கதவுகள் திறந்தன, வாளிகள் வந்தன. கணக்கு டீச்சர் கீழேயிருந்து, “சார், காத்துதான் வருது, தண்ணியக் காணோம்” என்று குறை சொல்லிக்கொண்டே பாதிப் படி ஏறி வந்து, நாற்காலியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சாய்த்த நாற்காலியைப் படியில் வைக்கக் கூடாது, வழுக்கும். கொரியர்காரரின் புஜம் நடுங்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. விசிலை வாயிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்தார். எடுத்த பிறகு அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்று ஊதினாலும் தப்பு, இரண்டு ஊதினாலும் தப்பு. எப்போதும் முன்னாடி போ, முன்னாடி போ என்கிற மனிதர் கையில் விசிலை வைத்துக்கொண்டு விழித்தார்.

நாற்காலியின் இரும்புக் கையில் டங் டங் என்று இரண்டு தட்டு விழுந்தது.

தையல்காரர் சிரித்துவிட்டார். “ரைட்டு அண்ணி” என்று கால் எடுத்து வைத்தார். வாளிக்காரர்கள் அப்போதுதான் தங்கள் வாளிகளைக் கவிழ்த்து ஒன்றுக்குள் ஒன்று போட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். குளியலறைச் சண்டைக்காரிகள் இரண்டு பேரும் ஒரே வாளியின் பின்னால் ஒதுங்கியதை நான் கவனித்தேன். அதற்குமேல் விசில் தேவைப்படவில்லை. மேடு பள்ளம், ஓய்வு, புறப்பாடு எல்லாம் ஸ்பூன் பார்த்துக்கொண்டது. கண்டக்டர் பேசாமல் முன்னால் இறங்கினார்.

இரண்டாம் மாடியில் லிஃப்டுக் கதவுக்கு எதிரே ஒரு தட்டு விழுந்தது. நின்றோம். வலிக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அந்த அம்மாள் லிஃப்டைக் காட்டினார். நாற்காலியை அருகில் நகர்த்தினோம். கம்பி வழியாகக் கீழே பார்த்தார். இருட்டுக்குள் நின்ற பெட்டியையும், அதனுள் ஒற்றையாகக் கிடந்த செருப்பையும் நன்றாகப் பார்த்தார். தலையை நிமிர்த்தினார்.

“அப்புறம்” என்றார்.

வாளி வைத்திருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். என் செருப்பைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளில் லிஃப்டைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

பயிற்சிக்கூடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவான நேரம், பயந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். விரல்கள் இன்னும் விரிகின்றன. தாமதம்தான், ஆனால் கை மீறவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் சில நாட்கள் அந்த இரும்பு நாற்காலி மாடியிறங்குகிறது. ஆட்கள் முறை போட்டுக்கொள்கிறார்கள். பல்சக்கரம் அடுத்த வாரம் வருகிறது.

அந்த முதல் நாள் திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கேட்டுக்கு உள்ளே, படிக்கட்டின் முன்னால் நாற்காலியை வைத்திருந்தோம். தெரு முழுக்கப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் வேலை முடிந்து வருகிறவர்களும். அந்த அம்மாள் ஒவ்வொருவரையும் முன்போலவே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் நின்று விசாரித்தார்கள். அப்புறம், அப்புறம் என்று அவரும் பதிலுக்கு விசாரித்தார். தையல்காரரும் கொரியர்காரரும் கையைத் தேய்த்துக்கொண்டு தயாராக வந்தார்கள். கண்டக்டர் கால்களை அகட்டி, கம்பியில் சாய்ந்து நின்றார்.

“மேல போலாமா?” என்றார்.

இரும்பில் ஒரே ஒரு தட்டு.

தூக்க வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் தெருவைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். பிறகு கைக்குட்டையை எடுத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த முதல் படியில் விரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.